தூக்குவாளிச் சோறு

பந்தியில் என் பக்கத்தில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் உங்களுக்கும் சோறு இறங்காது. பரிமாற வருகிற ஒவ்வொருவரும் என் இலைக்கு முன்னால் நின்று, "என்னம்மா, எதைக் கேட்டாலும் வேணாங்கிறீங்க?" என்பார்கள். பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்ப்பார். சுகரா என்பார், பிரஷரா என்பார், இரண்டும் இல்லை என்றால் விரதமா என்பார். அதுவும் இல்லை என்றால் தனக்குத் தெரிந்த கஷாயம் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார். ஆளாளுக்குச் சொன்ன கஷாயத்தை எல்லாம் குடித்திருந்தால் நான் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

பால், தயிர், மோர் எனக்கு ஆகாது. துவரம்பருப்பு ஆகாது. கோதுமை ஆகாது. கத்திரிக்காய் பட்டால் உதடு தடித்துப்போகும். இறாலோ நண்டோ தின்றால் உடம்பு முழுக்க ஊறல் எடுத்து, சொறிந்து சொறிந்து புண்ணாகும். இப்போது இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட எனக்கு அது அலர்ஜி என்கிறது. அம்மாக்காரியும் தனியாகச் சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுக்கிறாள். நன்றாக இருக்கட்டும். எங்கள் காலத்தில் இதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, கொழுப்பு. அது இல்லையென்றால், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நான் என் அக்காவைப் பறிகொடுத்தேன்.

எங்கள் ஊர் குளத்தூருக்குப் பக்கம். வானம் பார்த்த பூமி. வரகும் கேப்பையும் கொள்ளும் விளையும். கண்மாய் பெருகிய வருஷம் மட்டும் நெல். நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். வீட்டில் அப்பா, அக்கா, நான், மூன்றே பேர். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அடுப்பு அவள் கையில்.

எங்கள் அடுப்பில் பருப்புக் குழம்பு கொதித்து நான் பார்த்ததில்லை. கொள்ளு ரசம் இருக்கும், புளிக்குழம்பு இருக்கும், முருங்கைக்கீரை, சுரைக்காய், கேப்பைக்களி. மோர்ப்பானை அப்பாவுக்கு மட்டும். எனக்கு அக்கா பழைய சோற்று நீராகாரத்தை ஊற்றுவாள். தனக்கும் அதையே ஊற்றிக்கொள்வாள். ஏன் நமக்கு மோர் இல்லை என்று நான் கேட்டதே இல்லை, ஏனென்றால் அவளும் குடிக்கவில்லையே. எனக்கு எது எது ஆகாது என்பதை எப்படியோ கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். அதை ஒரு சீக்கு என்று அவள் வாயால் சொன்னதில்லை. அதனால் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து அக்காவைத் திருமயத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தோம். நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு. மறுவீட்டு விருந்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது இருக்கும். அப்படி ஒரு விருந்தை நான் கண்ணால் கண்டதில்லை. சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், தயிர், பால் பாயசம். அக்கா உள்ளே புதுப்பெண்ணாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் இலையைப் பார்க்க ஆள் இல்லை. நான் வெட்கமில்லாமல் மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அக்காவின் மாமியார்தான் தன் கையால் ஊற்றினார். "குடி ஆத்தா, நல்லாக் குடி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியிலேயே வண்டியை நாலு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. வயிற்றைக் கத்தி வைத்து அறுத்த மாதிரி வலி. உதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அப்பா பயந்துபோனார். ஊருக்குள் நுழைந்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு கை என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார்கள், இது மருந்துதான் என்று.

மருந்து வைப்பது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை வசப்படுத்தவோ கெடுக்கவோ சோற்றில் எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கலந்ததை வயிற்றிலிருந்து எடுப்பதற்கும் ஊருக்கு ஊர் ஆள் உண்டு. அன்று சாயந்தரமே அப்பா என்னைப் பக்கத்து ஊரில் இருந்த ஒரு கிழவியிடம் தூக்கிக்கொண்டு போனார். அவள் ஏதோ பச்சிலையைக் கசக்கிப் பிழிந்து வாயில் ஊற்றினாள். நான் அவள் முற்றத்தில் கக்கினேன். கக்கியதை ஒரு குச்சியால் கிண்டி, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டி, "இந்தா பாரு. தெக்கேருந்து வந்த கை" என்றாள்.

அது பாயசத்தில் கிடந்த உலர்ந்த திராட்சை. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளை சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? தெற்கே எங்களுக்கு வேறு யாரும் கிடையாது. அக்காவைக் கொடுத்த வீடு ஒன்றுதான்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. அதனால் என்ன, கிழவிக்கு வாய் இருந்ததே. பேச்சு எப்படியோ ஊர் ஊராக நகர்ந்து திருமயம் பக்கம் போய்ச் சேர்ந்தது. அக்காவின் மாமியார் கொதித்துப்போனார். பச்சைப் பிள்ளைக்கு மருந்து வைக்கிற குடும்பமா நாங்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா நேரில் போய், ஐயோ அப்படி நாங்கள் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவருக்கு அந்த ஒரு வார்த்தை வராது. என் கோபம் எல்லாம் அவர் கொடுத்த சொத்துதான். "நான் எதுக்குப் போறேன்? நானா பேசுனேன்?" என்று இருந்துவிட்டார். அதோடு இரண்டு வீடும் கை நனைப்பது நின்றுபோனது.

ஒரு வீட்டில் கை நனைக்கிறார்கள் என்றால் உறவு இருக்கிறது என்று அர்த்தம். நனைக்காவிட்டால் இல்லை. எங்கள் பக்கம் சண்டைக்குச் சாட்சி அதுதான். அடித்துக்கொண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள்கூட மறுநாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சேர்ந்துவிட்டார்கள். இனிக்க இனிக்கப் பேசிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனால் தீர்ந்தது. அக்காவைத் தலைப்பிரசவத்துக்குக்கூட எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. மாமியார் வீட்டிலேயே பெற்றாள். குழந்தை பிறந்த சேதியை நாங்கள் சந்தைக்குப் போய்வந்த ஆள் சொல்லிக் கேட்டோம்.

அக்கா இல்லாத அடுப்பில்தான் நான் என் வயிற்றைத் தெரிந்துகொண்டேன். அப்பா பாவம், மகளுக்குச் சத்து வேண்டும் என்று பருப்பு வாங்கிவந்து வேகவைப்பார். தின்றால் வலி. ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள், கஞ்சி காய்ச்சினால் வயிறு பானையாக உப்பிக்கொள்ளும். பிறகு டீச்சர் டிரெயினிங் படிக்கப் புதுக்கோட்டை டவுனுக்குப் போனேன். ஹாஸ்டலில் தினம் சாம்பார். தட்டை எடுத்துக்கொண்டு வெறும் சோற்றில் உப்பும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பிசைவேன். "மகாராணிக்கு எங்க சாம்பாரு எறங்காது" என்று சமையல்காரம்மா எல்லார் முன்னாலும் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நரம்பு பலவீனம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, வயிறும் சரியாகவில்லை. மருந்தெடுத்த பெண் என்று ஒரு பெயர் எனக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் நடந்து போயிருந்தது.

படித்து முடித்ததும் மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை போட்டார்கள். கடற்கரை ஊர். ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினேன். அங்கேதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சந்தேகப்பட்ட பொருளில் ஒன்றே ஒன்றை எடுத்துத் தின்பது. ஆகாவிட்டால் சனியும் ஞாயிறும் கிடந்து புரளலாம், திங்கட்கிழமை லீவு போட வேண்டாம். இப்படித்தான் இறாலும் நண்டும் என் கணக்கிலிருந்து போயின. கொள்ளு என்னைக் கைவிடவில்லை. அது எங்கள் மண்ணில் விளைந்தது என்பதால் இரக்கப்பட்டதோ என்னவோ.

புரண்டு கிடக்கும்போது வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லாத கஷ்டத்தை நான் வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஓலைப் பாயில் சுருண்டுகொண்டு, அக்கா பக்கத்தில் இருந்தால் இந்நேரம் என்ன செய்வாள் என்று யோசிப்பேன். ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்திருப்பாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவியிருப்பாள். நானே எழுந்து ஓமத்தை வறுப்பேன். பாதி வறுக்கும்போதே அழுகை வந்துவிடும்.

வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. மீமிசலில் இருந்து மீன் வந்தால் எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிடுவார். இறாலோ நண்டோ போட்ட அதே சட்டியில் வைத்த குழம்பு. நான் முதலில் வாங்கி வைத்துப் பூனைக்கு ஊற்றினேன். அப்புறம் பொய் சொல்ல முடியாமல், எனக்கு ஒத்துக்காதுங்க என்றேன். "மீனு ஒத்துக்காதா? கடலோரத்துக்கு வந்துட்டு இது என்ன கூத்து டீச்சர்?" என்று சிரித்தார். மறுவாரமும் கொடுத்தார், மறுபடி திருப்பினேன். அதற்கப்புறம் கிண்ணம் வரவில்லை. பேச்சும் குறைந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்ததைத் திருப்பினால் யாருக்குத்தான் வலிக்காது?

அந்தச் சமயத்தில்தான் தெற்கேயிருந்து சேதி வந்தது. அக்கா வீட்டில் புதிதாக ஓட்டு வீடு கட்டியிருக்கிறார்கள், பால் காய்ச்சப் போகிறார்கள். பெண் எடுத்த வீட்டுச் சீர் இல்லாமல் பால் காய்ச்சினால் நன்றாக இருக்காது. மாமியாரே இறங்கிவந்து, "வந்து கை நனைச்சிட்டுப் போகச் சொல்லுங்க, பழசை மறந்துருவோம்" என்று சொல்லிவிட்டிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடினேன். அப்பா பித்தளைப் பானை, குத்துவிளக்கு, சேலை வேட்டி, வெல்லம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஆனால் தான் வரவில்லை என்றார்.

"நான் வந்தா வாயி சும்மா இருக்காது. நீ போ. ஒன்னும் பேச வேணாம். கை நனைச்சிட்டு வந்துரு, அது போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தீவாளிக்காச்சும் அவளை இங்கிட்டு அனுப்புவாங்கல்ல?" என்று கேட்டார். அவர் அப்படிக் கெஞ்சலாகக் கேட்டு நான் கேட்டதில்லை.

விடியும் முன்பே எழுந்து சோறு வடித்தேன். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, கொள்ளுத் துவையல் அரைத்து, ஒரு சின்னத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டேன். என் திட்டம் இதுதான். அங்கே இலையில் உட்கார்ந்து வெறும் சோற்றை உப்புத் தொட்டு இரண்டு கவளம் தின்றுவிடுவது, பாலை உதட்டில் நனைத்துவிட்டு நைசாக வைத்துவிடுவது, திரும்பி வரும்போது வாளியில் இருப்பதைச் சாப்பிடுவது. இரண்டு பஸ் மாறி, அப்புறம் வண்டியில் போக வேண்டும். பசியோடு இருந்தால் எனக்கு மயக்கம் வரும். இரண்டு கையிலும் சீர்ப் பாத்திரம் இருந்ததால் வாளியைச் சீர் சாமான் வைத்த ஓலைப்பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பசிக்கிறவள் சோறு எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

மாமியார் வாசலுக்கே வந்து வாங்க என்றார். "ஒங்கப்பா வரலையா?"

"மூட்டு வலிங்க அத்தை. நடக்க முடியல."

"நடக்க முடியலையா, மனசு வரலையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். இளைத்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, சேலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்படிடி இருக்கே? என்னத்தைத் திங்கிறே?" என்பதுதான். அவ்வளவு வருஷத்தில் அதை அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

பால் பொங்கி கிழக்கே வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமியார் முதல் டம்ளரை ஊற்றி, சம்பந்தி வீட்டுக்கு என்று சொல்லி என் கையில் கொடுத்தார். வீடு நிறையப் பெண்கள், எல்லார் கண்ணும் என் டம்ளர் மேல். நான் உதட்டருகே கொண்டுபோன நேரம் பார்த்து, உள்ளே சீர் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் நாத்தனார், "அம்மா, இதுல வாளி ஒன்னு இருக்கு. பணியாரம் போல" என்று தூக்கிக்கொண்டு நடுவீட்டுக்கே வந்தாள். எல்லாருக்கும் தெரியும்படி மூடியைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "கட்டுச்சோறுல்ல கொண்டாந்துருக்கு" என்றாள்.

மாமியார் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஒங்கப்பா இன்னும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுல பச்சைத் தண்ணி குடிச்சாலும் மக உசுரு போயிரும்னு சோறு கட்டி அனுப்பிருக்காரு."

"அப்படி இல்லைங்க அத்தை" என்று அக்கா குறுக்கே வந்தாள். "அவளுக்குச் சின்னதுலேருந்தே பாலு, பருப்பு எதுவும் ஒத்துக்காது. அதான்..."

"ஒத்துக்காதா? மறுவீட்டுல மூனு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சாளே. என் கையாலதானே ஊத்துனேன்? அன்னைக்கு எப்படி ஒத்துக்கிச்சு?"

அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் மருந்துப் பேச்சு மறுபடி எழுந்து நிற்கும். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் புத்தி வேலை செய்யாது. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. என் வயிற்றின் மேல்தான் என்று நினைக்கிறேன். டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாலைக் குடித்தேன். "இலையைப் போடுங்க அத்தை" என்றேன்.

போட்டார்கள். சாம்பார் வாங்கினேன், கத்திரிக்காய் வாங்கினேன், தயிர் வாங்கினேன், பாயசம் வாங்கினேன். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காதான் பரிமாறினாள். குனிந்து ஊற்றும்போது, "போதும்டி, எந்திரிச்சிரு" என்று காதருகே சொன்னாள். "ஊத்து" என்றேன். அவள் ஊற்றிய பாயசம் இலைக்கு வெளியே சிந்தியது. மாமியார் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியதை நான் பார்த்தேன். இன்னும் அரை மணி நேரம், வண்டியில் ஏறுகிற வரைக்கும் மட்டும் அடங்கிக் கிட என்று என் வயிற்றைக் கெஞ்சினேன்.

அது அடங்கவில்லை. கை கழுவப் போகும் முன்பே உதடு தடித்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஓடினேன். கொல்லைப்பக்கம் எங்கே என்று தெரியாத புது வீடு. மாவிலை கட்டிய தலைவாசலிலேயே கக்கிவிட்டேன்.

பால் காய்ச்சிய அன்றைக்கே, புது வாசலில். மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "போதும். எங்க வாசல்ல எங்க சோத்தையே கக்கிக் காட்டிட்டே. போயி ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்றார். மச்சான் வண்டியைப் பூட்டச் சொன்னார். பித்தளைப் பானை, குத்துவிளக்கு, ஓலைப்பெட்டி எல்லாவற்றையும் திருப்பி வண்டியில் ஏற்றினார்கள். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். போ என்கிறாளா, பரவாயில்லை என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சீர்ச் சாமான்களைச் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். வயிற்றில் நின்றது.

அப்பா வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். திரும்பி வந்த பானையைப் பார்த்தார். "கை நனைச்சியா?" என்றார். நனைச்சேன் என்றேன். "அப்புறம்?" கக்கிட்டேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கும் அக்கா வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை.

நான் மணமேல்குடிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் வேலையில் இருந்த காலம் முழுக்க யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, எதற்குக் கூப்பிட்டாலும் மொய்யை எழுதிவிட்டு, வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் காலம் வந்தது. பிள்ளைகள் அந்த வாடைக்குப் பயந்தார்கள். டீச்சர் முதலில் குடித்துக் காட்ட வேண்டும் என்றார் பெரிய வாத்தியார். நான் டம்ளரைத் தூக்கி, குடிக்கிற மாதிரி பாவனை பண்ணி, திரும்பி வேப்பமரத்தடியில் ஊற்றுவேன். பிள்ளைகள் குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கும். எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கும். மத்தியானம் எல்லாரும் கூடி உட்கார்ந்து, ஒருவர் குழம்பை ஒருவர் வாங்கிப் பிசைவார்கள். நான் வகுப்பறையில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் வாளியைத் திறப்பேன். வருஷக்கணக்காகத் தனியாகச் சாப்பிட்டேன். அது எனக்குப் பழகவே இல்லை. வாயைக் கட்டுவது பெரிய காரியம் இல்லை, எதிரில் ஆள் இல்லாமல் மெல்லுவதுதான் கஷ்டம்.

அப்பா இறந்தது ஒரு கோடை லீவில். நான் ஊரில்தான் இருந்தேன். அவருக்குக் கஞ்சி, எனக்குச் சோறு என்று முந்தின நாள் நான்தான் பொங்கினேன். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் வைத்திருந்தேன். விடிகாலையில் அப்பா போய்விட்டார்.

சாவு விழுந்த வீட்டில் பொங்கின சோறும் பிடித்த தண்ணீரும் இருக்கக்கூடாது. தெருப் பெண்கள் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். நான் என் சோற்றுப் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் ஒரு கூடைக்கு அடியில் மூடி வைத்தேன். அப்பன் செத்துக் கிடக்கிறான், இவளுக்குச் சோற்றுப் பானைக் கவலை என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். உறவுக்காரர் வீட்டிலிருந்து வருவது சாம்பார் சோறாகத்தான் இருக்கும். நான் என்னத்தைத் தின்பது? அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

மத்தியானம் அக்கா வந்தாள். கூட மச்சானும் மாமியாரும். சாவுக்கு வராமல் இருக்க முடியாது. பகை வேறு, சாவு வேறு. அக்கா தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வந்து அப்பாவின் மேல் விழுந்தாள். இத்தனை வருஷம் வரவிடாத வீட்டுக்கு அப்படித்தான் வந்தாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தலை முழுகினோம். உறவுக்காரர் வீட்டுச் சோறு அண்டாவில் வந்து இறங்கியது. இலை போட ஆரம்பித்தார்கள். அக்காவின் மாமியார் எழுந்து முந்தானையை உதறினார். "கெளம்புவோம்" என்றார். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும்.

நான் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஈரச் சேலை உரசுகிற சத்தம். அக்கா.

"எங்கடி வச்சிருக்கே?" என்றாள்.

"எதை?"

"ஒன் சோத்தை. நீ கொட்ட விட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

நான் கையைக் காட்டினேன். அவளே கூடையைத் தூக்கினாள். கிண்ணம் கேட்கவில்லை. பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, தண்ணீரைப் பிழிந்துவிட்டு வாயில் போட்டாள்.

"உப்பு இல்லையா?"

"போடலை. இரு, எடுத்தாறேன்."

"வேணாம். அப்பா வெள்ளாமை அரிசிதானே?"

"ஆமா."

இன்னொரு பிடி அள்ளினாள். மெல்ல முடியாமல் மென்றாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தெருப் பக்கமிருந்து மச்சான், பஸ்ஸு போயிரும், சீக்கிரம் என்று குரல் கொடுத்தார். அக்கா கை கழுவவில்லை. தண்ணீர் மொண்டால் சத்தம் கேட்கும். ஈர முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அப்பா வீட்டுல கை நனைச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லிராத" என்றாள். என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. லீவு முடிந்ததும் வீட்டைப் பூட்டினேன். அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அக்காவும் அதன் பிறகு வரவில்லை. இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ள அவளும் இல்லை, அவள் மாமியாரும் இல்லை.

அன்றைக்கு அவர்கள் தெருவைத் தாண்டும் வரை பார்த்துவிட்டுப் பானைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். பாதிச் சோறு மீதி இருந்தது. அதில் பால் இல்லை, பருப்பு இல்லை, எனக்கு ஆகாதது எதுவுமே இல்லை. நல்ல பசியும் இருந்தது. ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தேன். இறங்கவில்லை.